பெயர் சொல்லாத ஜெபம்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பம்மலில் தோல் பட்டறை, கோயம்பேட்டில் மூட்டை, லாரியில் கிளீனர் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். இருபத்துநான்கு வயதில் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். ஊசி போட்டார்கள், முடி போயிற்று, பிழைத்தேன். தெருவில் கேட்டவர்களிடம் திருப்பதி மொட்டை என்றேன். லட்டு எங்கே என்று மட்டும் கேட்டார்கள்.

பிறகு, எனக்கு வைத்தியம் பார்த்த தாம்பரம் ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகர் அக்கா, நோய் வந்த இளவட்டங்களோடு பேச என்னைச் சேர்த்துக்கொண்டார். அப்படிப் பேசும்போது என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லும் கேள்விப் புத்தகம் ஒன்று அவரிடம் இருந்தது. வெளிநாட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகளுக்காக, அவர்கள் வீட்டுப் பழக்கத்துக்கு ஏற்றபடி எழுதியதாம். அதை நம் வீடுகளுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். வீடுகளைப் பற்றி எனக்குத் தெரியும் என்று தைரியமாக ஒப்புக்கொண்டேன்.

மாடம்பாக்கத்துப் பெண் ஒருத்தி, கல்லூரியில் இரண்டாம் வருடம். இரண்டு ஊசி முடிந்ததும், மூன்றாவதுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும் என்று டாக்டர் சொல்லியும் அசையவில்லை. அக்காவும் நானும் வீட்டுக்குப் போனோம். முடி கொட்டுவதுதான் காரணம் என்று நானாகவே முடிவுகட்டினேன். சுவரில் சிலுவையைப் பார்த்ததும், வேளாங்கண்ணி மொட்டை என்று சொல்லிவிடலாமே என்றேன்.

அவள் அம்மா பள்ளி ஆசிரியை. பிஸ்கட் தட்டைக் கீழே வைத்தார்.

"தம்பி, நாங்க புராட்டஸ்டண்ட். எங்கள்ல மொட்டை போடுற வழக்கமே கிடையாது."

என் திருப்பதிக் கதை தெரிந்த அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "இந்த அண்ணா ஆளுக்கு ஒரு ஊர் வச்சிருக்காரும்மா." சிரிப்போடு விஷயமும் வந்துவிட்டது. "முடி போனா துப்பட்டா போட்டுக்குவேன். சர்ச் மைக்ல என் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணுவாங்க. அதுக்கப்புறம் நான் எங்க போனாலும் கேன்சர் பொண்ணுதான்."

மூன்றாவது ஊசிக்கு முந்தைய ஞாயிறு, மகளுக்காக ஜெபிக்கச் சொல்லி சபையில் ஜெபக் குறிப்பு எழுதிக் கொடுப்பதென்று அம்மா முடிவு செய்திருந்தார். ஊசியே இல்லையென்றால் குறிப்பும் இல்லை என்று இவள் நினைத்திருக்கிறாள்.

புத்தகப்படி அக்கா அவளைத் தனியே உட்காரவைத்துப் பேச வேண்டும். அவரோ புத்தகத்தை மூடிவிட்டு அம்மாவோடு சமையலறைக்குப் போனார். ஜெபம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயர் இல்லாமல் ஜெபிக்கலாமா என்று மட்டும் கேட்டிருக்கிறார். அதற்கு அம்மா, கர்த்தருக்கு யாரென்று தெரியும் என்றாராம். பெயர் சொல்வதற்கு முன் பிள்ளையைக் கேட்க வேண்டும் என்று அன்றே புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தோம்.

திங்கட்கிழமை காலை மூன்றாவது ஊசிக்கு அம்மாவும் பெண்ணும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். போதகர் "நம் சபையின் ஒரு பிள்ளைக்காக" என்று மட்டும் ஜெபித்தாராம்.

"ஆமென் சொன்னதும் எல்லாரும் யாரு யாருன்னு திரும்பிப் பாத்தாங்கண்ணா," என்றாள். "நானும் திரும்பிப் பாத்தேன்."

நர்ஸ் கூப்பிட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே போனாள்.