கருஞ்சீரக எண்ணெயும் காலைக் குளிசையும்

“குளிசை போட்டாச்சா?” என்று கேட்டுக்கொண்டேதான் றுக்ஸானா செருப்பைக் கழற்றுவாள். ஸலாம் அதற்கு முந்தியது, சுகம் விசாரிப்பது அதற்குப் பிந்தியது. நற்பிட்டிமுனைப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் ‘குளிசை மாமி’. அவளுக்கும் அது தெரியும்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்குக் கருஞ்சீரக எண்ணெய் எவ்வளவு உதவுகிறது என்று பார்க்கும் ஆய்வுக் குழுவில் அவள் கள உதவியாளர். பாதிப் பேருக்குக் கருஞ்சீரக எண்ணெய் அடைத்த கெப்சூல். மற்றப் பாதிப் பேருக்கு அதே நிறத்தில், வெறும் தேங்காயெண்ணெய் அடைத்தது. எது யாருக்கு என்று விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற இவளுக்கும் தெரியாது. எல்லாருக்கும் ஒரே நிபந்தனை, ஆஸ்பத்திரிக் குளிசையை நிறுத்தக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து வாங்கில் இருந்தவள். அப்போதே பிடிவாதக்காரி. இப்போது ஊசி குத்துமுன் நோயாளியின் விரலைத் தன் இரு கைகளுக்குள்ளும் வைத்துச் சூடாக்குகிறாள். பாணியாகச் சீனி கரைத்து நீட்டும் பிளேன்ரீத் தேநீரை மறுக்கமாட்டாள். யாரும் பாராத நேரத்தில் அது செவ்வரத்தை மரத்தடிக்குப் போய்விடும்.

அவளுடைய வாப்பா கருஞ்சீரகத்தை நம்பிக் குளிசையை விட்டவர். முதலில் காலை வெட்டி எடுத்தார்கள், பிறகு மௌத்தானார். இருந்தும் அவளுக்குக் கருஞ்சீரகத்தின்மேல் கோபமில்லை. “அது நல்ல சாமான்தான். எவ்வளவு நல்லதெண்டு தெரியாமக் குடிச்சதுதான் பிழை. அதத்தானே இப்ப பாக்கம்” என்பாள்.

போன கிழமை நானும் அவளோடு சபூறா ராத்தாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆய்வில் சேர்ந்திருந்த ராத்தா தையல் வேலை செய்து தனியாக வாழ்கிறவர். அவர் விரலில் குத்தி, இரத்தத்தைச் சீனி பார்க்கும் மெசினில் வைத்ததும் றுக்ஸானாவின் முகம் மாறிற்று. சீனி ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது.

“மெசின் பழுது புள்ள” என்றார் ராத்தா.

றுக்ஸானா புது ஊசி எடுத்துத் தன் விரலில் குத்திப் பார்த்தாள். அவளுக்குச் சரியான அளவுதான் காட்டியது; மெசினில் ஒரு குறையும் இல்லை.

“ராத்தா, குளிசைய எப்ப நிப்பாட்டின நீங்க?”

மடியிலிருந்த துணியை ராத்தா திருப்பித் திருப்பி மடித்தார். “மார்க்கத்துல சொன்ன மருந்து கைக்கு வந்த புறகு இங்கிலீசு மருந்து என்னத்துக்கு? இத அல்லாஹ்ட பேரால எண்டு பிஸ்மி சொல்லி முழுங்கினா நெஞ்சு குளிருது. அது வெறும் குளிசைதானே.”

“உங்களுக்கு வாறது தேங்காயெண்ணெயா இருந்தா?”

“இருக்காது. எனக்குத் தெரியும்.”

தெரிய வழியே இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆய்வுக்குப் பொறுப்பான டொக்டருக்கு றுக்ஸானா போன் எடுத்தாள். அன்றைக்குரிய ஆஸ்பத்திரிக் குளிசையைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வரச் சொன்னார் அவர். ராத்தாவை ஆய்விலிருந்து நீக்கவும் சொன்னார். றுக்ஸானா கெப்சூல் போத்தலை எடுத்துத் தன் பையில் வைத்தாள்.

ராத்தா அழுதுவிட்டார். “நீயும் கலிமாச் சொன்னவள்தானே? அல்லாஹ்ட மருந்தப் புடுங்கிட்டுப் போறாய்!”

றுக்ஸானா தன் வாப்பாவின் கதையைச் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண் மட்டும் கலங்கியிருந்தது. அலுமாரிக்கு மேல் கிடந்த குளிசைப் பையை எடுத்துத் தூசி தட்டி, திகதி பார்த்தாள். ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து ராத்தாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வலது உள்ளங்கையில் குளிசையை வைத்தாள். மற்றக் கையால், ராத்தாவின் தலையிலிருந்து நழுவியிருந்த முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு அந்தக் குளிசையைப் பார்த்து, ராத்தாவுக்குக் கேட்கும்படி, நிறுத்தி நிதானமாகப் பிஸ்மி சொன்னாள். சொல்லிக் கையை நீட்டினாள். ராத்தா முகத்தைத் திருப்பிய பிறகும் நீட்டிய கையை அவள் மடக்கவில்லை.