முன்மூடி துடிக்கும் மகிழுந்தில் கொல்லிமலைக்கு

கொல்லிமலைக்கு நான் அருவி பார்க்கப் போகவில்லை. குளிர்காற்று வாங்கவும் போகவில்லை. சினத்தோடு ஏறினேன், அதைவிடப் பெருஞ்சினத்தோடு இறங்கினேன். தாழ்வான மகிழுந்தில் அந்த மலைக்குப் போக எண்ணுவோர்க்கும், நெடுஞ்சாலையில் முன்மூடி நடுங்கும் வண்டியை வைத்துக்கொண்டு தவிப்போர்க்கும் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

என் மகள் கயல்விழி பெங்களூரில் பணிபுரிகிறாள். சென்ற தைத் திங்களில் தன் உழைப்பில் ஒரு சிவப்புப் பந்தய வகை மகிழுந்து வாங்கினாள். இரண்டே இருக்கை, தரையோடு தவழும் உயரம். சனிக்கிழமை சேலத்துக்கு எங்களிடம் வருவாள். திங்கள் விடியலில் திரும்புவாள். வண்டி எண்பதில் ஓடும்வரை ஒரு குறையும் சொல்ல முடியாது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தொட்டதும் அதன் முன்மூடி, பணிமனையில் பானெட் என்கிறார்களே அது, துடிக்கத் தொடங்கும். முன்விளிம்பு காற்றில் எழுந்து எழுந்து அமரும். எதிரே சரக்குந்து ஒன்று கடந்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும். அது தாழ் விட்டு மேலெழுந்தால் முன்கண்ணாடி முழுவதும் மறைந்துபோகும். அந்த வேகத்தில், சாலை தெரியாமல், என் மகள் உள்ளே இருப்பாள்.

மூன்று முறை பணிமனைக்கு எடுத்துச் சென்றாள். மூன்று முறையும் திறந்து பார்த்து, துடைத்து, மூடித் தந்தார்கள். மூன்றாம் முறை நானும் உடன் போனேன். மேற்பார்வையாளர் புன்னகை மாறாமல் சொன்னார்: "இந்த மாடலே அப்படித்தானுங்க சார். காத்துக்கு லேசா ஆடுமுங்க. பயப்பட ஒண்ணுமில்லீங்க." ஆடுவதற்கு அது என்ன ஊஞ்சலா என்று கேட்டேன். தேநீர் வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

இனி அந்த வண்டி சரியாகாமல் பெங்களூருக்குப் போகக் கூடாது என்று வீட்டில் அறிவித்தேன். "திங்கக்கெழம நான் போயே ஆகோணும்ப்பா" என்றாள் மகள். அவள் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று என் மனைவி பொன்னம்மாள் என்னைப் பார்த்தாள். பொன்னம்மாளுக்கு வேறொரு கவலை இருந்தது. வண்டிக்குப் பூசை போட்ட அன்று, மஞ்சள் துணியில் காசு முடிந்து, குலதெய்வத்தை வேண்டி வண்டியின் முன்புறத்தில் கட்டியிருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கம் இது. அந்தக் காசைக் கோயிலில் சேர்க்கும்வரை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. வீட்டார் அல்லாத வேறு கை படவும் கூடாது. எல்லோரும் பூசை மாடத்தில் வைப்பார்கள். வண்டிக்காக வேண்டியது வண்டியோடு இருக்கட்டும் என்பது இவள் முடிவு. அதைச் சேர்த்துவிட்டு வந்தால் எல்லாம் சரியாகும் என்றாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் மகள் தனியாக அந்த வண்டியில் போவதைவிட நானும் அருகில் இருப்பது மேல் என்று கிளம்பினேன்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குச் சேலத்தை விட்டோம். நாமக்கல் வரை ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர் நான்குவழிச் சாலை. எழுபதுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஒருமுறை மட்டும், நானே கண்ணால் பார்க்கட்டும் என்று நூறைத் தொட்டாள். முன்மூடியின் இடப்பக்க மூலை உள்ளங்கை உயரத்துக்கு எழுந்ததாக எனக்குத் தோன்றியது. விரல் உயரம்தான் என்கிறாள் அவள். விரலோ கையோ, நான் இருக்கையின் விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தேன். நான் மேடைப் பேச்சாளன்; எத்தனையோ கூச்சலுக்கு நடுவே குரல் எடுத்தவன். அப்போது எனக்குக் கிடைத்தது "போதும்" என்ற ஒரு சொல்தான்.

நாமக்கல்லில் சிற்றுண்டி முடித்து, சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி சேர்ந்தபோது மணி எட்டு. இங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தாழ்வான வண்டி வைத்திருப்போர் கவனிக்க வேண்டும்: வளைவுகளில் சாலையின் உள்விளிம்பு செங்குத்தாக உயரும். அதில் ஏறினால் வண்டியின் மூக்கு உரசும். வெளிவிளிம்பை ஒட்டியே திரும்ப வேண்டும்; ஒலி எழுப்பாமல் திரும்பவே கூடாது. மேலிருந்து வரும் பேருந்துக்கு நம் வண்டி கண்ணில் படாது. மலைப்பாதையில் முப்பதைத் தாண்ட வழியில்லை. ஆகவே முன்மூடி அசையவில்லை. அந்த அமைதிகூட எனக்கு எரிச்சலாக இருந்தது. குற்றவாளி சாட்சி முன்னால் நல்லவனாக நடிப்பதுபோல் இருந்தது.

பாதி வழியில் இயந்திரம் ஆறட்டும் என்று நிறுத்தினோம். மரவள்ளி மூட்டைகளோடு பேருந்துக்குக் காத்திருந்த ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார். "ஏனுங்க, மீதி வண்டி பின்னால வருதுங்களா?" என்றார். கயல்விழி வயிறு குலுங்கச் சிரித்தாள். அன்று காலையில் அவள் முகம் தெளிந்தது அப்போதுதான். நான் சிரிக்கவில்லை என்று பின்னர் வீட்டில் புகார் சொன்னாள்.

மலையின் ஊர்ப்பிரிவுகளில் ஒன்றான தேவனூர் நாட்டில் எங்கள் குலதெய்வக் கோயிலை அடையும்போது பத்து மணி. பூசாரி மிளகும் மரவள்ளியும் பயிரிடும் உழவர். அன்று அவருக்கு லாரியில் சரக்கு ஏற்றும் வேலை இருந்தது. "வெரசா முடிச்சை அவுத்துக் குடு கண்ணு, லோடு காத்துக்கிட்டு நிக்குது" என்றார். முடிச்சு உள்ளே இருந்ததால் கயல்விழி முன்மூடியைத் தூக்கினாள்.

அங்கே இருந்தது விடை.

முன்மூடிக்கு அடியில், இரு முன்மூலைகளிலும் கட்டைவிரல் பருமனில் இரப்பர்க் குமிழ் ஒவ்வொன்று உண்டு. மூடியபின் முன்மூடி அவற்றின்மேல் அழுந்தி நிற்க வேண்டும். அந்த அழுத்தம்தான் அதை அசையாமல் பிடிப்பது. குமிழைத் திருகினால் உயரும், தாழும். வலப்பக்கக் குமிழின்மேல் எங்கள் மஞ்சள் முடிச்சு நசுங்கி, கறுத்து, உட்கார்ந்திருந்தது. அதன் பருமனால் வலப்பக்கம் எழும்பித் தெரிந்திருக்கும்; மூடி சாய்ந்து முதலில் துடித்ததும் அதனால்தான். அதை மறைக்கப் பணிமனையார் வலக்குமிழைக் கடைசிவரை இறக்கியிருந்தார்கள். இரண்டும் ஒத்திருக்கட்டும் என்று இடக்குமிழையும் இறக்கியிருந்தார்கள். வலப்பக்கத்தைத் துணி தாங்கியது. இடப்பக்கத்தைத் தாங்க ஒன்றுமே இல்லை. நடுத்தாழ் ஒன்றை மட்டும் நம்பி என் மகள் அத்தனை வாரங்கள் நெடுஞ்சாலையில் போய் வந்திருக்கிறாள்.

கோயில் மேட்டில் நின்றால்தான் அலைபேசி பேசும். மேலேறி மேற்பார்வையாளரை அழைத்தேன். முடிச்சைப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டேன். அவர் தயங்கவே இல்லை.

"பாத்தமுங்க சார். சாமி முடிச்சாச்சேன்னு யாரும் கை வைக்கலீங்க. அதுக்கு ஏத்தாப்பல ரப்பரை எறக்கி செட் பண்ணியுட்டமுங்க."

"மூன்று முறை மூடியைத் திறந்தீர்கள். ஒருமுறையாவது வாயைத் திறந்தீர்களா?"

"சொன்னா உங்க மனசு சங்கடப்படுமுன்னுதானுங்க..."

அதன்பின் நான் பேசியது கீழே கோயில் வாசல்வரை கேட்டதாம். அதை இங்கே எழுதவில்லை. சுருக்கம் இதுதான். முடிச்சைத் தொட வேண்டாம். அந்தத் தயக்கத்தை மதிக்கிறேன். ஆனால் உரியவளை அழைத்து "அம்மா, இது இடைஞ்சலாக இருக்கிறது, நீங்களே எடுத்துவிடுங்கள்" என்று சொல்ல எது தடுத்தது? என் மனம் நோகும் என்று அஞ்சியவர்கள் என் மகளின் உயிருக்கு அஞ்சவில்லை. இதற்குப் பெயர் பக்தி அன்று. நேர்மையைத் தட்டிக்கழிக்கப் பக்தியைப் போர்த்திக்கொள்வது. தெரிந்த பிழையை மறைத்து, வண்டியின் வகையே அப்படி என்று புன்னகையோடு சொன்ன வாயை என்னால் மன்னிக்க முடியாது.

அடுத்து மனைவியை அழைத்தேன். குமிழ்மேல் ஏன் கட்டினாய் என்றேன். கட்ட அங்கே வாகான கொம்பு அது ஒன்றுதான் இருந்தது என்றாள். பிறகு அமைதியாகச் சொன்னாள்: "ஏனுங்க, மைக்கு முன்னால மூணு மணி நேரம் நிக்கறீங்க. ஒருக்கா அந்த மூடியத் தூக்கிப் பாக்கலீங்களா?" அலைபேசி இணைப்பு விட்டுப்போனதாகச் சொல்லி முடித்துக்கொண்டேன்.

காசைப் பூசாரி கையில் சேர்த்துவிட்டு, கயல்விழி தானே குமிழ்களைச் சரிசெய்தாள். முறையை எழுதுகிறேன். குமிழைச் சிறிது உயர்த்தி, அதன்மேல் ஒரு தாளை வைத்து முன்மூடியை மூடி, தாளை இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் குமிழ் இன்னும் உயர வேண்டும். இறுகிப் பிடித்து மெல்ல வந்தால் சரி. மூடவே வலிந்து அழுத்த வேண்டியிருந்தால் மிகையாகிவிட்டது; தாழ் முழுமையாக விழாது. தாளுக்கு என் பையிலிருந்த கூட்டத் துண்டறிக்கையை எடுத்துக்கொண்டாள். "உங்க நோட்டீசு மொதல் தடவையா ஒரு வேலைக்கு ஆகுதுப்பா" என்றாள். பூசாரி சரக்கை மறந்து நின்று சிரித்தார். நான்காம் முயற்சியில் என் பெயர் இருந்த பாதி கிழிந்து அவள் கையில் வந்தது. கால் சுற்று இறக்கினாள். சரியாக நின்றது.

நாமக்கல்லைத் தாண்டியதும் எண்பது, பிறகு தொண்ணூறு. நான் இருக்கை விளிம்பை விடவில்லை. நூறிலும் சிவப்புத் தகடு கல்லில் செதுக்கியதுபோல் கிடந்தது. எதிரே சரக்குந்து கடந்தபோதும் அசையவில்லை.

போக விரும்புவோர்க்கு: சேலத்திலிருந்து போய்வர ஏறத்தாழ இருநூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். எங்கள் வண்டி இரண்டாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு எரிபொருள் குடித்தது. உங்கள் வண்டி இவ்வளவு குடிக்காது. மலையேற விடியலில் கிளம்புங்கள். நெடுஞ்சாலையில் முன்மூடி துடித்தால் உடனே வேகத்தைக் குறைத்து ஓரம் நிறுத்தி, தாழையும் இரு மூலைக் குமிழ்களையும் நீங்களே பாருங்கள். வேண்டுதல் முடிச்சை வீட்டு மாடத்தில் வையுங்கள்; தெய்வம் அங்கும் பார்க்கும். "இந்த வகையே அப்படித்தான்" என்று எவர் சொன்னாலும், அவர் கண்முன்னே மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.

திங்கள் விடியலில் அவள் கிளம்பினாள். கிருட்டினகிரியில் தேநீருக்கு நிறுத்தி அழைத்தாள். "ஆடவே இல்லப்பா" என்றாள். சரி என்று மட்டும் சொன்னேன். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு பணிமனைக்குப் புறப்பட்டேன். அவர்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றேன், குமிழைச் சோதிக்கும் விதத்தை அவர்களுக்குக் கற்றுத்தர, கிழிந்த துண்டறிக்கையைக் கையில் பிடித்தபடி.