தம்பிக்கு ஆத்தா வந்த ஆடி

தம்பி சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கி விழ ஆரம்பித்ததும் எங்கள் வீட்டில் ஆளுக்கு ஆள் டாக்டராகிவிட்டோம். பாடிப் பக்கம் கம்பெனி வேலை, ஷிப்ட் மாறி மாறி வருகிற அசதி என்றாள் அம்மா. அக்காக்காரி நான், காதல் தோல்வி என்று அடித்துச் சொன்னேன். மங்கலான வெளிச்சத்திலும் அவன் கண்மணி கடுகாய்ச் சுருங்கிக் கிடக்கும். மூக்கைச் சொறிந்துகொண்டே இருப்பான். கக்கூஸ் போய் நாளாச்சு என்பான். எல்லாவற்றுக்கும் அம்மா விளக்கெண்ணெய் கொடுத்தாள். ஹெராயின் என்ற பெயரை நாங்கள் கேள்விப்படாமல் இல்லை. அதெல்லாம் டிவி செய்தியில் வேறு யார் வீட்டுப் பிள்ளையோ செய்வது என்று நினைத்திருந்தோம், மண்டூகங்கள்!

விளக்கெண்ணெய் கைவிட்டதும், ஆடித் திருவிழாவில் அம்மா அவன் கையில் காப்பு கட்டிவிட்டாள். சென்னீர்குப்பத்தில் காலங்காலமாய்ப் பயிர் வைத்த குடும்பம் எங்களுடையது, ஊர்க் கட்டை மீற மாட்டோம். காப்பு கட்டினவன் கூழ் ஊற்றி முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தம்பியின் முகம் செத்துப்போனது.

"குமணன்சாவடி வரைக்கும் போய்ட்டு தோ வந்துர்றேம்மா."

"காலை ஒடைச்சிருவேன்" என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அவனுக்குக் கொட்டாவிக்கு மேல் கொட்டாவி. கண்ணும் மூக்கும் ஒழுகின. கோயில் வாசலில் பம்பை அடித்தபோது உடம்பெல்லாம் புல்லரித்து, வியர்த்துக் கொட்டி, கால் தானாக உதைத்துக்கொண்டது. கொட்டாவியும் புல்லரிப்பும் சேர்ந்து வந்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"ஆத்தா வந்துட்டாடீ!" என்று அலறினாள் பக்கத்து வீட்டுக்காரி. மஞ்சள் தண்ணீர் குடம் குடமாக அவன் தலையில் விழுந்தது. ஏற்கெனவே குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தவன் கையில் வேப்பிலையைத் திணித்தார்கள். நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"தாயே, எம்பொண்ணுக்கு எப்போ கல்யாணம் ஆவும்?" என்றாள் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி.

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினான். "வுடுங்க... பாத்ரூம் போவணும்..."

"ஆத்தா ரொம்ப உக்கிரமா கீறா" என்று அவள் இன்னொரு குடம் ஊற்றினாள்.

அப்போது அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். பெற்ற பிள்ளையின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"தாயே, எம்புள்ளைக்கு இன்னா கொறை? நீயே சொல்லு."

தம்பி குனிந்து அவளைப் பார்த்தான். பம்பை நின்றது.

"உன் புள்ள பவுடர் அடிக்கிறான். ஹெராயினு. அது இல்லாம அவனால நிக்க முடியல. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ. அவனக் கைவுட்டுடாத" என்றான். நான் கன்னத்தில் போட்ட கையை எடுக்காமல் நின்றேன்.

"உத்தரவு தாயே" என்று எழுந்த அம்மா, காப்பைத் தன் கையாலேயே அறுத்தாள். "நின்னுகினு இன்னாடி பாக்குற? ஆட்டோ புடி!"

மஞ்சள் சொட்டச் சொட்ட வந்தவனைப் பார்த்து டாக்டரம்மா முதலில் காமாலை என்றே நினைத்தார். கண்ணைப் பார்த்து, விசாரித்து, நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தபிறகுதான் அவன் உதறல் அடங்கியது. "இது சுகர் மாதிரி. மாத்திரையும் கவுன்சலிங்கும் ரொம்ப நாளைக்குத் தொடரணும். நடுவுல சறுக்கினா அடிக்காதீங்க, உடனே கூட்டிட்டு வாங்க. கொஞ்ச நாள் பவுடரை விட்டுட்டு மறுபடி பழைய அளவு எடுத்தா உயிருக்கே ஆபத்து" என்றார். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஆத்தாதாம்மா நம்ம ஊட்டக் காப்பாத்திட்டா."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "போடி பைத்தியக்காரி. எம்புள்ள கொரலு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேவா கால்ல வுழுந்த?"

"ஊட்ல எத்தினி தபா கேட்டேன், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னான். பெத்தவகிட்ட சொல்ல அவனுக்கு வாய் வர்ல. ஆத்தாவா இருந்தாவது சொல்லட்டுமேன்னு வுழுந்தேன்."