பால் டின்னுக்குள் சிவப்பு விளக்கு

1985-ஆம் ஆண்டு. கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்து எண்ணெய் ஆலையில் நான் வயர்மேனாக இருந்தேன். வயது இருபத்து மூன்று. தபால்வழிப் பாடத்தில் படித்து வாங்கிய ரேடியோ பழுதுபார்க்கும் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன் என்று சொன்னால், அப்போதைய என் தலைக்கனம் உங்களுக்குப் புரியும்.

அடுத்த லயத்தில், அதாவது அடுத்த தொழிலாளர் வீட்டு வரிசையில், லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர் குடியிருந்தார். அவர் மனைவி கலும்பாங் பக்கத்துப் பெண். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. பிறவியிலேயே காது கேளாதவர், பேச்சும் வராது. ஆனால் கையாலும் முகத்தாலும் எதையும் விளக்கிவிடுவார்.

அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் காலை அண்ணி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது, முன்னறைத் தொட்டிலில் குழந்தை நெடுநேரம் அழுதிருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மாள் ஓடிவந்து தூக்கியபோது குரலே கம்மிப் போயிருந்ததாம். அண்ணனின் அம்மா தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போய் மதியம்தான் திரும்புவார். வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு முடிவு சொல்லிவிட்டார்: தொலைவில் கோலா குபு பாருவில் இருக்கும் தன் மகளிடம் குழந்தை வளரட்டும், நடக்கிற வயதில் கூட்டிக்கொள்ளலாம். அந்த அம்மாவுக்குக் கெட்ட மனது கிடையாது. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அண்ணி குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. சோறு வடிக்கும்போதும் இடுப்பில்தான்.

அண்ணன் என்னைத் தேடி வந்தார். "ஏதாச்சும் ஒன்னு செஞ்சி குடு தம்பி. இல்லாட்டி எங்கம்மா புள்ளைய அனுப்பிருவாங்க" என்றார்.

எனக்கு அது போதாதா? உடைந்த கேசட் பெட்டியிலிருந்து மைக்கையும் ஆம்ப்ளிஃபயரையும் கழற்றினேன். ஆலையில் வேண்டாமென்று போட்ட ரிலே சுவிட்ச் ஒன்று, ஒரு சிவப்புப் பல்பு, பெரிய டார்ச் பேட்டரிகள் ஆறு. லயத்துக்கு மாலையில் நாலு மணி நேரம்தான் மின்சாரம் வரும் என்பதால் எல்லாம் பேட்டரியில்தான். மைக்கைத் தொட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் வைத்து, அங்கிருந்து அடுப்படிக்கு வயர் இழுத்தேன். பகல் வெளிச்சத்தில் பல்பு எரிவது தெரியாதே என்று அதை ஒரு காலிப் பால் டின்னுக்குள் பொருத்தி, பின்பக்கம் துவைக்கும் இடத்திலிருந்தும் பார்வை படும்படி தொங்கவிட்டேன். குழந்தை அழுதால் டின்னுக்குள் சிவப்பு விளக்கு எரியும். சத்தம் நின்ற பிறகும் அரை நிமிஷம் அணையாது.

லயமே கூடி வேடிக்கை பார்த்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து மைக் முன்னால் அழுது பார்த்தார்கள். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி முதுகில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனின் அம்மாவும், "சரி, பாப்போம்" என்று கோலா குபு பாரு பேச்சை ஒத்திப்போட்டார்.

பத்து நாள் போயிருக்கும். பக்கத்து வீட்டு அம்மாள் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்தப் பொண்ணு சும்மா சும்மா கை தட்டுது. புள்ள தூங்குறப்பவும் தட்டுது, தூக்கி வெச்சிருக்கறப்பவும் தட்டுது. என்னா ஏதுன்னு தெரியல."

கண்ணேறு கழிக்கிறாள் என்றார் ஒருவர். புத்தி பிசகிவிட்டது என்றார் இன்னொருவர். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் கண்டுபிடிப்பை ரசித்து விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆலையில் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தேன். இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு அரிப்பு. விளையாட்டு என்றால் இரண்டு நாளில் சலித்துப்போக வேண்டுமே, இது ஏன் இன்னும் நிற்கவில்லை?

ஒருநாள் காலை எதிர்வீட்டில் ஃபியூஸ் மாற்றப் போனேன். ஏணிமேல் நின்றால் அண்ணியின் வீடு முன்வாசலிலிருந்து அடுப்படிவரை தெரியும். வேலை முடிந்தும் இறங்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அண்ணி வந்து மைக் முன்னால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, விறுவிறுவென்று அடுப்படிக்குப் போய் டின்னைப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி தட்டிவிட்டுப் போய்ப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. பிறகு பின்பக்கமிருந்து துணி ஊறிய பெரிய பேசினை இழுத்துவந்து, தொட்டிலுக்கு அடியிலேயே உட்கார்ந்து துவைக்க ஆரம்பித்தார். முன்னறையெல்லாம் சோப்புத் தண்ணீர்.

ஏணியைப் போட்டது போட்டபடி ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் முதலில் பார்த்தது தெருவைத்தான், மாமியார் வருகிறாரா என்று. பிறகு ஒரு தட்டு தட்டி டின்னைக் காட்டினார். விளக்கு எரியவில்லை. அடுப்படிக் கதவுக்குப் பின்னால் சுவரையும் காட்டினார். கரியால் ஐந்து கோடுகள் கிழித்திருந்தார். இன்றையது ஐந்தாவது. ஒருமுறை எலி வயரைக் கடித்திருக்கிறது, ஒருமுறை எறும்பு புகுந்திருக்கிறது, இரண்டு முறை பேட்டரி முனையில் அழுக்கேறியிருக்கிறது, இன்று பேட்டரியே தீர்ந்திருக்கிறது என்று கையாலேயே விளக்கினார். முடிந்ததை அவரே துடைத்தும் முறுக்கியும் சரிசெய்திருக்கிறார். முடியாதபோது வீட்டு வேலை மொத்தத்தையும் தொட்டிலடிக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

விளக்கு எரியவில்லை என்றால் குழந்தை அழவில்லை என்றுதான் நான் எண்ணியிருந்தேன். என் கருவியே செத்துக் கிடந்தாலும் விளக்கு எரியாது என்பது என் புத்திக்கு எட்டவேயில்லை. அந்தக் கருவியை மட்டும் அவர் நம்பியிருந்தால்?

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கையைக் காட்டிக் கேட்டேன். அவர் தோட்டத்துப் பக்கம் காட்டினார், தொட்டிலைக் காட்டினார், பிறகு தூரமாக எங்கேயோ காட்டிவிட்டு உள்ளங்கையால் தன் வாயை மூடிக்கொண்டார். மாமியாருக்குத் தெரிந்தால் குழந்தை கோலா குபு பாருவுக்குப் போய்விடும்.

புதுப் பேட்டரி போட்டுவிட்டுக் கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. தூங்கும் குழந்தையைக் காட்டி விரல்களை விரித்தார். அது விளக்கு எரிவதற்கு அவருடைய அடையாளம். பிறகு அழுவதுபோல் முகத்தைச் சுளித்து விரல்களை மூடினார். அவர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்து, சான்றிதழ் வாங்கியவன் அல்லவா, பொறுமையாகத் திருத்தினேன். அழுதால்தான் எரியும், தூங்கினால் எரியாது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். மறுபடி விரல்களை விரித்துப் பிடித்தபடி, மற்றொரு கையால் பேட்டரியை உருவினார். உருவியதும் விரல்களை மூடிக்கொண்டு தொட்டிலுக்கு ஓடினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாம் சரியாக இருக்கும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். குழந்தை அழுதாலும் அணையட்டும், பேட்டரி தீர்ந்தாலும் அணையட்டும், எலி கடித்தாலும் அணையட்டும். எதனால் அணைந்தாலும் அவர் ஓடிவந்து பார்ப்பார்.

நான் செய்ய வேண்டியிருந்ததெல்லாம் ஒரே ஒரு வயரை இடம் மாற்றுவதுதான். டார்ச் பேட்டரி தாங்காது என்று, அண்ணனிடம் கேட்டு ஒரு பழைய லோரி பேட்டரியை அன்று மாலையே வைத்தேன். மைக் மட்டும் கெட்டால் இந்த ஏற்பாட்டிலும் தெரியாது. அதை நான் சொல்வதற்கு முன்பே, தினமும் தட்டிப் பார்ப்பேன் என்று அவர் கைதட்டிக் காட்டிவிட்டார்.

மறுநாள் மதியம் பேட்டரியைப் பார்க்கப் போனேன். மாமியார் வேலையிலிருந்து திரும்பி, டின்னையே முறைத்துக்கொண்டு நின்றார். "என்னாடா இது, புள்ள அழுவாமலே எரியுது. கெட்டுப் போச்சா?"

அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் மனம் கேட்கவில்லை.

"முன்ன நான் செஞ்சதுதான் பெரியம்மா கெட்டுச்சு. அஞ்சு தடவ. அஞ்சு தடவயும் இவங்கதான் கண்டுபுடிச்சாங்க. இப்ப எரியுறது இவங்க யோசன."

நான் விரித்த ஐந்து விரல்களைப் பார்த்ததும், ஐந்து முறை கெட்டதைச் சொல்லிவிட்டேன் என்று அண்ணிக்குப் புரிந்துவிட்டது. ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்த நிமிஷம் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பெரியம்மா நான் காட்டிய கதவுக்குப் பின்னால் போய்க் கரிக்கோடுகளைப் பார்த்தார். "அஞ்சு தடவயும் புள்ள அழுதுச்சா?" என்று கேட்டார்.

"அழுதாலும் இவங்க தொட்டிலடியிலதான் இருந்தாங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "காது கேக்குற நாங்க இத்தன பேரு இருக்கோம். ஒருத்தரும் பாக்கலயே" என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, குழந்தையைக் காட்டி, இரண்டு கையாலும் அந்த வீட்டுத் தரையை அழுத்தித் தட்டினார். அண்ணி சுவரில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதார். நானும் அழுதேன் என்பதை இப்போது சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அதன் பிறகு எத்தனையோ கட்டடங்களுக்கு வயர் இழுத்துவிட்டேன், எச்சரிக்கை மணிகளும் பொருத்தியிருக்கிறேன். வேலையில் மட்டுமல்ல, தெரிந்தவர் வீட்டிலிருந்து சில நாள் ஒரு சேதியும் வரவில்லை என்றாலும், அங்கே எல்லோரும் நலம்தான் என்று இருந்துவிட எனக்கு இன்றுவரை முடிவதில்லை. ஒருமுறை நேரில் போய்க் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டால்தான் மனம் ஆறுகிறது.