வளைவில் இறங்கியவர்

ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மடியில் லேப்டாப். திரையிலிருந்த வரிகளை விரலால் தொட்டு, உதடசைத்துப் படித்துக்கொண்டே வந்தார். என்னவென்று கேட்டேன். சாமையும் தேனும் விற்கும் மலைப் பெண்கள் குழுவின் இணையக் கடையை அவர்தான் பார்த்துக்கொள்கிறாராம்.

"மெனுவுல சாமை, தேன்னு மட்டும்தாங்க வரும். அதுக்குக் கீழ எந்த ஊரு சரக்குன்னும் வரட்டும்னு காலைல செங்கத்துல வெப்சைட் கோடிங்க மாத்தனேன். எங்கியோ ஒரு அடைப்புக்குறி வுட்டுப்போச்சு. பஸ் ஏறினப்புறம் பாக்கறேன், கடையே தொறக்கல. வெறும் வெள்ளையா கெடக்குது."

"வூட்டுக்குப் போய் நிதானமா பாருங்களேன்."

"எங்க ஊர்ல டவர் இல்லீங்க. மொத்தமா வாங்கறவங்க இன்னிக்கு மத்தியானம்தான் கடையப் பாக்கறாங்க. அத நம்பி எல்லாரும் மூட்டை கட்டி வச்சிக்கினு இருக்காங்க."

ஒரு வளைவில் போனைப் பார்த்தவர் எழுந்து, "நிறுத்துங்கண்ணா," என்றார்.

"காடும்மா இது. இங்க எறங்கி இன்னா பண்ணுவ?" என்றார் கண்டக்டர்.

"இதுக்கு மேல சிக்னல் இருக்காதுண்ணா."

இறங்கி, தடுப்புச் சுவரின் மேல் லேப்டாப்பை வைத்து, அதன் முன்னால் வெயிலில் மண்டியிட்டார். பஸ் கிளம்பிவிட்டது.

அந்தக் கடையின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று மத்தியானத்துக்குள் அது திறந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.