இஸ்திரி போட்ட மருந்து பில்கள்

பணிக்காலம் முழுவதும் தணிக்கை அலுவலகத்தில் உட்கார்ந்து, பிறர் அனுப்பிய பில்களில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியவன் நான். திருப்பி அனுப்புகிறவனின் மூளை எப்படி வேலை செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஓய்வு பெற்றபின் அந்தக் கெட்ட அறிவு எங்கள் அபிராமபுரம் தெருவுக்குப் பயன்படுகிறது. யாருடைய மருத்துவக் காப்பீட்டில் சிக்கல் வந்தாலும் என் வீட்டு அழைப்பு மணிதான் ஒலிக்கும்.

எங்கள் அடுக்ககத்துக்கு எதிரே, புங்க மரத்தடியில், ஒரு தம்பதி தள்ளுவண்டியில் இஸ்திரி போடுகிறார்கள். அடையாற்றங்கரையில் இருந்த அவர்கள் வீட்டை இடித்துவிட்டு நகரத்துக்கு வெளியே குடியமர்த்தினார்கள். அப்படியும் தினமும் பேருந்து மாறி மாறி அதே மரத்தடிக்கு வந்துவிடுவார்கள். சென்ற ஆண்டு கணவருக்கு மாரடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மகள் கிண்டியில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அந்த அலுவலகம் பெற்றோருக்கும் சேர்த்துக் காப்பீடு எடுத்திருந்ததால், மருத்துவமனைச் செலவைக் காப்பீட்டுக் கம்பெனியே கட்டிவிட்டது.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வீடு திரும்பிய பிறகு வாங்கும் மாத்திரைகளுக்கும் குறிப்பிட்ட காலம் வரை பணம் கேட்கலாம் என்று பாலிசியில் பொடி எழுத்தில் இருக்கும். படிக்க முடியாத இடமாகப் பார்த்துத்தான் நல்ல செய்தியை வைப்பார்கள். அதை இஸ்திரி போடும் அந்த அம்மாளிடம் சொன்னேன்.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளாமல் இருக்க அவர் ஒரு மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். அதன் விலை அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. நான் சட்டைகளை வாங்கப் போயிருந்த ஒரு நாள் வண்டியடியில் அதே பேச்சுதான்.

“நல்லாத்தானே கீறேன்? இன்னாத்துக்கு இத்தினி காசு? கையில கீற அட்டை தீந்தா வுட்டுடலாம்மே” என்றார் கணவர்.

“வுட்டுட்டு நீ போய்ச் சேந்துடு. நான் ஒண்டியா பொட்டி தேய்ச்சிக்கினு உன் போட்டோவுக்கு மாலை வாங்கறேன். அதுவும் காசுதான்” என்றாள் மனைவி.

நான் நடுவே புகுந்து, மாத்திரைப் பணம் கம்பெனியிலிருந்து திரும்பி வரும் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். “வந்தா துன்றேன் சார். வரலன்னா வுட்டுடறேன்” என்றார். ஆக, ஓர் இதயத்தின் எதிர்காலம் ஒரு காப்பீட்டுக் கோரிக்கையில் வந்து நின்றது.

டாக்டர் சீட்டுகள், மருந்துக் கடை பில்கள், மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் எடுத்துவரச் சொன்னேன். பழைய தொழில் பழக்கத்தில் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னேன்: “கசங்கல் இல்லாம கொண்டு வாம்மா. கசங்கின காகிதத்தைப் பார்த்தாலே அவங்களுக்கு எரிச்சல் வரும்.”

இஸ்திரி போடுகிறவளிடம் அப்படிச் சொல்லலாமா? மறுநாள் காலை அவள் கொண்டுவந்த டாக்டர் சீட்டுகள் புது நோட்டுப் போல விறைப்பாக இருந்தன. பில்களோ ஒவ்வொன்றும் கரிய பட்டை. ஓர் எழுத்து இல்லை. மருந்துக் கடையின் சின்ன இயந்திரம் மையால் அச்சடிப்பதில்லை. சூட்டால் தாளைக் கறுக்க வைத்துத்தான் எழுதுகிறது. அந்தத் தாளைக் கரி நெருப்பு போட்ட இஸ்திரிப் பெட்டிக்குக் கீழே வைத்தால் முழுத் தாளும் கறுத்துவிடும்.

“எல்லாத்தையும் அடுக்கி, மேல துணி போட்டு, ஒரே அழுத்து சார். துணிய எடுத்துப் பாக்கறேன், இப்டி கீது.” அவள் அழவில்லை. தன் மேலேயே கோபமாக இருந்தாள். “அவரு கையில சொல்லிடாத சார். இதான் சாக்குன்னு மாத்திரைய நிறுத்திடுவாரு.”

இருவரும் மயிலாப்பூரில் அந்த மருந்துக் கடைக்குப் போனோம். கணினியில் எல்லாப் பில்களும் இருந்தன. மறுபடி அச்சடித்தால் தலையில் ‘நகல்’ என்று விழும். நகல் பில் என்றால் காப்பீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அசலை வேறெங்கோ கொடுத்துப் பணம் வாங்கியிருப்பார்களோ என்ற பயம். கடைக்காரர் நல்ல மனிதர், என்னைத் தெரிந்தவர். குரலைத் தாழ்த்தி, “புதுசா வாங்கின மாதிரியே பில் போட்டுத் தரேன் சார். யாருக்குத் தெரியப் போகுது?” என்றார். மறுக்க வேண்டிய நான், அது எந்தத் தேதியில் விழுந்தால் பொருந்தும் என்று கணக்குப் போட ஆரம்பித்திருந்தேன்.

“வேணாம்ணே. நகலே குடு” என்றாள் அவள். என் பக்கம் திரும்பினாள். “இன்னா சார் நீ? பொய் பில்லு குடுத்து மாட்டிக்கினா என் பொண்ணு வேலை இன்னா ஆவும்? தேய்ச்சேன், கறுத்துப்போச்சி. அதத்தான் சொல்லணும்.”

‘இஸ்திரி போட்டதால்’ என்று டிக் அடிக்க எந்தப் படிவத்திலும் கட்டமில்லை என்றேன். “அப்ப வாயால சொல்றேன்” என்றாள்.

கடைக்காரர் நகல்களில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். நான் ஒரு விளக்கக் கடிதம் எழுதினேன். தபாலில் அனுப்பினால் போதும் என்பது நடைமுறை. அவளுக்குத் தபாலில் நம்பிக்கை இல்லை. எனவே தி. நகரில், படியேறிப் போக வேண்டிய ஒரு மாடியில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்கே போய், டோக்கன் வாங்கிக் காத்திருந்தோம். குளிர்சாதன அறையில் அவள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, எதிரே இருந்தவர்களின் சட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “யாரு தேய்ச்சதோ. காலருக்குப் பொட்டியே படல” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

கவுன்ட்டரில் கண்ணாடி அணிந்த நடுவயதுப் பெண் அதிகாரி. நகல்களைப் புரட்டியதுமே, “அசல் இல்லாம எடுக்க மாட்டோம்மா” என்றார். நான் விதிகளை விளக்கத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் பையிலிருந்து கறுப்புக் காகிதங்களை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். அவற்றைக் கொண்டுவர வேண்டாம், பார்த்தால் சிரிப்பார்கள் என்று நான் சொல்லியிருந்தேன்.

“இதான்மா அசலு. நான்தான் தேய்ச்சி சாவடிச்சிட்டேன்.”

அதிகாரி ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தேய்ச்சீங்களா? ஏன்?”

“கசங்கி இருந்தா உங்களுக்குக் கோவம் வரும்னு இந்த சார்தான் சொன்னாரு.”

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

“நகலுக்கு ஏம்மா பயப்படறீங்க?” என்று அவள் தொடர்ந்தாள். “ அசல வெச்சி வேற எங்கயாச்சும் காசு கேட்டுடுவேன்னுதானே? இத வெச்சி எங்க கேக்கறது? நீயே வெச்சிக்க. என்கிட்ட ஒண்ணும் இல்ல.”

என் பணிக்காலத்தில் நகல் ரசீது குறித்துச் சுற்றறிக்கைகள் எத்தனையோ படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. அதிகாரியும் பாராட்டுக்குரியவர்தான். சிரிக்கவில்லை, விரட்டவில்லை. காகிதங்களை எடுத்துக்கொண்டு உள்ளே இருந்த மேலாளரிடம் போனார். வெகுநேரம் கழித்து வந்து, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். “முடிவு பொண்ணோட போனுக்கு வரும். கிடைக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது” என்றார். அந்த நாற்காலியிலிருந்து அதைவிட நேர்மையாகப் பேச முடியாது.

திரும்பும் வழியில் அவள் மருந்துக் கடைப் பக்கம் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்து, அடுத்த அட்டை மாத்திரையை வாங்கினாள்.

“பணம் வருமான்னே தெரியலையேம்மா.”

“வர்றப்ப வரட்டும். வந்துடுச்சின்னு அவராண்ட நீ சொல்லிடு சார்.”

“காலையில பொய் பில் வேண்டாம்னியே?”

“அது கம்பெனிக்கு. இவரு என் வூட்டுக்காரரு. இவராண்ட நான் இன்னா வோணா சொல்லுவேன்.”

புங்க மரத்தடியில் அவர் ஒரு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, “இன்னா சார், மெய்யாலுமே பாஸ் ஆயிடுச்சா?” என்றார்.

ஆதாரமில்லாமல் எதையும் ஆமோதிக்காதவன் என்று அலுவலகத்தில் பெயரெடுத்தவன் நான். “ஆயிடுச்சுப்பா” என்றேன்.

அவர் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கம்பெனி காசுன்னா சரி” என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குக் கையை நீட்டினார்.

சில நாட்கள் கழித்துப் பணம் உண்மையாகவே வந்தது. பில்லில் சேர்ந்திருந்த சத்துமாவு டப்பாவை மட்டும் கழித்திருந்தார்கள், அது நியாயம்தான். என் சட்டைகளைக் கொடுக்க மாடிக்கு வந்தபோது அவள் அதைச் சொன்னாள். “அவருக்குத் தெரிய வேணாம் சார். ஏற்கெனவே வந்த காசு மறுபடி எப்டி வந்ததுன்னு கேப்பாரு.” பணத்தை மகளிடமே விட்டுவைத்திருக்கிறாளாம். கம்பெனி கொடுக்கும் காலம் முடிந்த பிறகும் மாத்திரை ஓட வேண்டும் அல்லவா? அப்போதும் அது கம்பெனி காசுதான் என்று அவரிடம் சொல்லப் போகிறவன் நான். என்னைக் கேட்காமலே அதை முடிவு செய்துவிட்டாள்.