ரப்பர் பாலில் செய்த காற்றுக்குழாய்

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்ததும் வெள்ளறடைப் பக்கம் என் மனைவி வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவோம். அங்கே கடைசியாக ஒரு ஏற்றம் உண்டு. அதன் பாதியில் என் மோட்டார் சைக்கிள் இருமத் தொடங்கும். அவள் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இறங்கி நடப்பாள். நான் மட்டும் மேலே போய் ரப்பர் மர நிழலில் காத்து நிற்பேன். தொண்ணூறுகளின் நடுவில் ஏறக்குறைய ஒரு வருடம் இப்படி நடந்தது. வழியில் மரச்சீனிக் கிழங்கு விற்கிற ஒருவர், நடந்து போகிறவளை விட்டுவிட்டு எனக்காகப் பரிதாபப்பட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வண்டி அறுபதுகளில் செய்தது. ஓய்வு பெற்ற ஒரு பட்டாளக்காரரிடம் ஆசைப்பட்டு வாங்கினேன். அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தவர் பாறசாலையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஓலைக்கூரைக்குக் கீழே பட்டறை வைத்திருந்த மேசிரி. ஸ்கூட்டரும் மொபெட்டும்தான் அவரிடம் வரும். பெரிய வண்டியின் இன்ஜினைப் பிரித்து மாட்ட அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. என் மாமனாரிடம் ரப்பர் ஷீட் ஏற்றும் பழைய ஜீப் ஒன்று இருந்தது. அதன் இன்ஜின் வேலையைத் தனக்கு வாங்கித் தர முடியுமா என்று மேசிரி என்னிடம் ஒருமுறை கூச்சத்தோடு கேட்டார். அந்த ஜீப் அவர் கைக்கு வந்தால் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்களின் ஜீப்புகளெல்லாம் பின்னாலேயே வரும்.

மாமனாரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"மாப்பிளைக்க வண்டி அவன் கையிலயாக்கும் ஓடுது. அது ரெண்டு ஆளோட இந்த மேட்ட ஏறி வரட்டு. ஜீப்ப அவனுக்கே குடுக்கேன்."

இதை மேசிரியிடம் சொன்னபோது அவர் கையைத் துடைத்துவிட்டு என் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிஸ்டன் ரிங்கை மாற்றினார், வால்வைத் தேய்த்து உட்கார வைத்தார். காற்று உள்ளே போகிற வாய் சிறிதாக இருக்கிறது, அதுதான் குறை என்றார். அகலமான வடிகட்டி, அதற்கேற்ற குழாய், கார்புரேட்டரில் பெட்ரோல் வருவதற்குப் பெரிய ஜெட், இந்த மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டுமாம். திருவனந்தபுரத்தில் தெரிந்த கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். பதினைந்து நாள் ஆகும்.

பதினைந்து நாள் என்றால் இன்னும் இரண்டு ஞாயிறு. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன். எரிவதற்குக் காற்று வேண்டும், கூடக் காற்று போனால் கூட எரியும். இதற்குப் பதினைந்து நாள் எதற்கு என்று எரிச்சல் வந்தது. பழைய கார் ஒன்றின் காற்று வடிகட்டியை வாங்கி வந்தேன். அதைக் கார்புரேட்டரோடு இணைக்க அகலமான ரப்பர் குழாய் வேண்டும். கடையில் அந்த அளவில் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்களில் ரப்பருக்கு என்ன பஞ்சம்? வாளியில் ஓட்டை விழுந்தால், செருப்பு வார் அறுந்தால், நாங்கள் முதலில் தேடுவது ரப்பர் பாலைத்தான். நானும் ஒரு அலுமினிய டம்ளரைக் கவிழ்த்து, எங்கள் தோட்டத்துப் பாலில் முக்கிக் காயவைத்தேன். மறுபடி முக்கினேன். ஐந்து நாளில் கால் அங்குலக் கனம் வந்தது. ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் புகைப்புரையில் அவற்றோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். டம்ளரிலிருந்து உருவி எடுத்து, மூடியிருந்த நுனியை வெட்டியபோது தேன் நிறத்தில் அப்படி ஒரு அழகான குழாய். மனைவி பார்த்துவிட்டு, இதற்கு ஒரு தொட்டில் கட்டவா என்று கேட்டாள்.

அதை மாட்டி, கார்புரேட்டரின் ஊசியை ஒரு படி உயர்த்தி, பெட்ரோலும் கூடப் போகும்படி செய்தேன். சனிக்கிழமை காலை மேசிரியின் பட்டறைக்குச் சங்கிலி இறுக்கப் போனேன். குழாய் அவர் கண்ணில் படாதபடி பக்க மூடியைப் பூட்டிக்கொண்டு போனேன். வேண்டுமென்றேதான் பூட்டினேன். அன்று சாயங்காலம் மனைவியை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டுக்குப் போனேன். வண்டி ஒரே மூச்சில் ஏறியது.

"இன்னைக்குச் செருப்பு தேயேல்ல" என்றாள். என் முதுகில் லேசாகத் தட்டவும் செய்தாள்.

நாளை மேடு ஏறி வருகிறோம் என்று அன்றே மாமனாருக்கு ஆள் விட்டுச் சொன்னேன். மறுநாள் மேட்டின் உச்சியில் அவரும் அவருடைய தம்பிகள் இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாதி மேட்டில் வண்டி மூச்சுத் திணறியது. நான் ஆக்ஸிலரேட்டரைத் திருகத் திருக அது இன்னும் அடங்கியது. ஒரு இழுப்பு இழுத்து நின்றே போனது. பிறகு பின்னாலே உருண்டது. மனைவி குதித்து இறங்கி, ஒரு கல்லைத் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மேலே நடந்தாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மாமனார் கேட்டார்.

"இதாக்கும் உங்க மேசிரிக்க வேல, இல்லியா?"

குழாயை நான் மாட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தைதான். சின்ன மாமனார்கள் இருவரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள். நான் சொன்னது இது:

"நேத்து காலையிலகூட அவருக்க கடையிலதான் நின்னுது மாமா."

பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருடமும் அது எனக்குப் பொய்யைவிட மோசமாகத் தெரிகிறது. அடுத்த வாரம் ஜீப் நெய்யாற்றின்கரையில் வேறொரு பட்டறைக்குப் போனது. 'மொபெட் மேசிரி கையில குடுத்தா இப்படித்தான்' என்று மாமனார் சொன்ன பேச்சு, ரப்பர் ஷீட் விற்கும் கடைகள் வழியாக எல்லாத் தோட்டக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

மேட்டில் நின்றுபோனதற்கு மறுநாள் திங்கட்கிழமையே வண்டியை வேனில் ஏற்றி மேசிரியிடம் கொண்டுபோய், அந்த மூன்று பேர் முன்னால் நடந்ததைச் சொன்னேன். அவர் மூடியைத் திறந்து விரலை விட்டார். என் குழாய் பலாப்பழப் பிசின்போல விரலோடு வந்தது. இன்ஜின் மூச்சில் கொஞ்சம் பெட்ரோல் பின்னாலும் தெறிக்கும். வேகவைக்காத பச்சை ரப்பர் அதைக் குடித்து ஊறி இளகி, காற்றை இழுக்கும்போது தட்டையாக ஒட்டிக்கொண்டது. பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் என்பதே பெட்ரோலில் கரைத்த ரப்பர்தான். எங்கள் ஊரில் சைக்கிள் ஓட்டுகிற எவனுக்கும் தெரிந்த சங்கதி. ஆலையில் கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பருக்கும் புகைப்புரையில் தொங்கவிட்ட ரப்பருக்கும் உள்ள வித்தியாசத்தை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவன் நான்.

மேசிரி சிரிக்கவில்லை. ஒரு துணியால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இத மாமாட்ட சொன்னியளா சாரே?"

சொல்கிறேன் என்றேன்.

"ஜீப்பு போனா போவட்டு. வேல தெரியாதவன்னு பேரு வேண்டாம். அத மட்டும் சொல்லிருங்க."

அவர் ஏற்பாடு செய்த சாமான்கள் வந்தன, மாட்டினார், வண்டி மேடு ஏறியது. கூலி வாங்க மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். மாமனாரிடம் நான் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சோற்றில் கை வைக்கும்போது சொல்லலாம் என்று நினைப்பேன். மீன் குழம்பு வரும், பேச்சு மாறும். மனைவி இரண்டு முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கவில்லை. பிறகு நான் ரயில்வே கேட் வழியாகப் போவதையே விட்டுவிட்டு, இரண்டு மைல் சுற்றிப் பள்ளிக்கூடம் போனேன். அந்தச் சுற்று வழியின் ஒவ்வொரு குழிமீதும் எனக்குக் கோபம் வந்தது.

நாலு வருடம் கழித்து மாமனார் ஜீப்பை விற்ற பிறகுதான் சொன்னேன். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தவே இல்லை.

"அத இப்பம் சொல்லி என்னத்துக்கு மாப்பிள?"

அன்றைக்கே பட்டறைக்குப் போனேன். மேசிரி ஒரு மொபெட்டின் முன்னால் குந்தியிருந்தார். மாமாவிடம் சொல்லிவிட்டேன் என்றேன்.

"அங்க ஆரெல்லாம் உண்டு?" என்று கேட்டார்.

யாரும் இல்லை, நாங்கள் இருவர் மட்டும்தான் என்றேன்.

"அன்னைக்கு மூணு பேரு இருந்த இடத்துலயில்லியா சாரே பேரு போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மொபெட்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்தார். நானும் அந்தப் பக்கம் போய் நின்றேன். வெளிச்சத்தை மறைக்கிறேன், கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். தள்ளி நின்றேன், பிறகு வீட்டுக்கு வந்துவிட்டேன்.